தோல் புற்றுநோய் மாத்திரை ரத்தப் புற்றுநோய்க்கு எதற்கு?

கேள்வி: அப்பாவுக்கு ஹேரி செல் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய். கிளாட்ரிபின் என்ற கீமோ ஊசிக்குப் பிறகு ஆறு வருடம் நன்றாக இருந்தார். இப்போது நோய் திரும்பிவிட்டது. டாக்டர் வெமுராஃபெனிப் மாத்திரை எழுதியிருக்கிறார். மாத்திரையோடு வந்த தாளில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கானது என்று இருக்கிறது. மருந்து மாறிவிட்டதா?

பதில்: மாறவில்லை. வெமுராஃபெனிப் தோலைத் தேடிப் போகும் மருந்து அல்ல. செல்களைப் பெருகச் சொல்லும் பிராஃப் என்ற புரதம், வி600இ என்ற மரபணு மாற்றத்தால், அணைக்கவே முடியாத ஸ்விட்ச் போல ஆகிவிடும். அதைத்தான் இந்த மாத்திரை அடைக்கிறது. மெலனோமாவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த மாற்றம் உண்டு. அதனால் 2011-ல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. அதே ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் ஹேரி செல் லுகேமியா நோயாளிகள் 48 பேரைச் சோதித்தார்கள். 48 பேரிடமும் அதே மாற்றம்! ரத்தப் புற்றுநோய்களில் இப்படி அமைவது அபூர்வம்.

2015-ல் வெளியான இரண்டு ஆய்வுகளில் இருந்தவர்களும் உங்கள் அப்பாவைப் போல வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு நோய் திரும்பியவர்கள், அல்லது அதற்கு மசியாதவர்கள். கிட்டத்தட்ட எல்லோருக்குமே பலன் தெரிந்தது. ஆனால் நோய் முழுமையாக அடங்கியது பாதிக்கும் குறைவானவர்களுக்குத்தான்; மாத்திரையை நிறுத்தியதும் பலருக்குத் திரும்பியது. அப்புறம் புற்றுச் செல்களைக் குறிவைக்கும் ரிட்டுக்ஸிமாப் என்ற ஆன்டிபாடி ஊசியைச் சேர்த்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த அந்த ஆய்வில் 30 பேரில் 26 பேருக்கு முழுமையாக அடங்கியது. எனவே 'மாத்திரை மட்டுமா, ரிட்டுக்ஸிமாபும் உண்டா?' என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதற்கு முன் கேட்க வேண்டியது, வி600இ பரிசோதனை செய்தாயிற்றா என்பது. இதே சாயலில் 'வேரியன்ட்' என்று இன்னொரு வகை உண்டு. அதில் இந்த மாற்றம் இருக்காது, மாத்திரையும் பலிக்காது. இன்ஷூரன்ஸ் இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அனுமதித் தாளில் இல்லாத நோய்க்கு எழுதும்போது டாக்டரின் விளக்கக் கடிதம் கேட்பார்கள்.

பக்கவிளைவுகளில் தோல்தான் முதலில் வரும். கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் வெந்துபோகலாம். முழுக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம். மூட்டுவலி சகஜம். புதிதாக மருவோ முடிச்சோ தென்பட்டால் உடனே காட்டுங்கள். இந்த மாத்திரையே சிலருக்குச் சிறிய தோல் புற்றுக் கட்டிகளை உண்டாக்கும் (விசித்திரம்தான்!); பெரும்பாலும் வெட்டி எடுத்தால் சரியாகிவிடும். இதயத் துடிப்பின் சீரையும் இது பாதிக்கலாம் என்பதால், தொடங்கும் முன்பும் இடையிடையேயும் ஈசிஜி எடுப்பார்கள். அப்பா வேறு மாத்திரைகள் சாப்பிட்டால் அந்தப் பட்டியலையும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.