ஓடைக்கரை கேள்விகள்: துளிர்த்த போத்து ஏன் காய்ந்தது?

கேள்வி: எங்கள் தோட்டத்தை ஒட்டிய ஓடை ஒவ்வொரு ஐப்பசி மழையிலும் கரையை அரிக்கிறது. போன வருஷம் பூவரசு, நொச்சிப் போத்துகள் (நடுவதற்காக வெட்டிய கொம்புகள்) நாற்பது நட்டேன். எல்லாமே துளிர்த்தன, ஆனால் சித்திரைக்குள் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. என்ன தப்பு?
– வாசகர், அந்தியூர்

பதில்: துளிர் வந்ததுமே வேர் பிடித்துவிட்டது என்று நம்பிவிட்டீர்கள். வெட்டிய கொம்புக்குள் மரம் சேர்த்து வைத்த மாவுச்சத்து இருக்கும், அதை வைத்தே அது நாலு இலை விட்டுவிடும், அடியில் ஒரு வேர்கூட இல்லாமல். இலை வந்தால் தண்ணீர் வேண்டுமே! மேல்மண் காய்ந்ததும் கதை முடிந்தது.

ஆழம் எழுதவில்லை நீங்கள். ஒரு சாண், ஒன்றரைச் சாண் நட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், பெரும்பாலும் அப்படித்தான் நடுகிறார்கள். ஓடைக்கரையில் அது போதவே போதாது. கட்டைவிரல் தடிமனுக்குக் குறையாத கொம்பை 4 அடி நீளத்துக்கு வெட்டி, மூன்றில் இரண்டு பங்கை மண்ணுக்குள் இறக்குங்கள். கோடையிலும் ஈரம் நிற்கிற மட்டத்தை அடிமுனை தொட வேண்டும், அதுதான் கணக்கு. கீழ்முனையைச் சாய்வாகச் சீவி, மேல்முனையை மட்டமாக வெட்டினால் தலைகீழாக நட்டுவிடும் பிரச்சினையும் இல்லை. கடப்பாரையால் குழி போட்டுவிட்டு இறக்குங்கள், சும்மா சுத்தியலால் அடித்தால் பட்டை உரிந்துவிடும், அப்புறம் வேர் எங்கிருந்து வரும்? சுற்றிலும் மண்ணை நன்றாக மிதித்துவிடுங்கள், உள்ளே காற்று இடைவெளி இருந்தால் வேர் அங்கேயே கருகிவிடும்.

வெள்ளம் வடிந்து கரை ஈரமாக இருக்கும் கார்த்திகை, மார்கழியில் நடுங்கள். உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் பட்டையை லேசாகக் கீறினால் போதும், உள்ளே பச்சை தெரியும். தயவுசெய்து பிடுங்கிப் பார்க்காதீர்கள். நூல் மாதிரி வெள்ளை வேர் அப்போதுதான் இரண்டு விட்டிருக்கும், ஒரு இழுப்பில் அறுந்துவிடும்.

ஆடு மேய்கிற இடமா? அப்படியானால் நொச்சியைக் கூட்டி நடுங்கள், அதை ஆடு கடிப்பதில்லை. பூவரசுத் தழையை விடாது, முள் வைத்துக் கட்டுங்கள்.

கேள்வி: நெய்வேலி காட்டாமணக்கு எங்கே குத்தினாலும் வருகிறதே, அதையே கரையில் நடலாமா?
– வாசகி, கோபி

பதில்: வேண்டவே வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி அது. ஒடிந்த துண்டு எங்கே ஒதுங்கினாலும் முளைத்து, ஓடையையே அடைத்துவிடும். சுலபமாக வேர் பிடிப்பதுதான் அதன் ஆபத்து.

கேள்வி: ஓடை வளையும் இடத்தில் மட்டும் போத்து நிற்பதே இல்லை. சிமெண்டுச் சுவர் கட்டிவிடலாமா?
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: வளைவின் வெளிப்பக்கம் தண்ணீர் வேகமாக மோதி அடிமண்ணைக் குடையும், மேலே எதை நட்டாலும் கரையோடு சேர்ந்து சரியும். சுவர் கட்டினால் அந்த வேகம் அப்படியே கீழே உள்ள பக்கத்துத் தோட்டத்துக்காரர் கரைக்குப் போகும், அவர் மண் என்ன பாவம் செய்தது? அடிவாரத்தில் பெருங்கல் அடுக்கி, கல் இடுக்குகளில் வெட்டிவேர் நாற்று, அதற்கு மேலே சரிவில் 2 அடிக்கு ஒன்றாக, வரிசை மாற்றி மாற்றி நொச்சிப் போத்து. ஓடை புறம்போக்காகத்தான் இருக்கும், ஆகவே கல் இறக்குவதற்கு முன்னால் ஊராட்சியிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.