டைல்ஸை உடைப்பதற்கு முன் ஒரு ராத்திரி பொறுங்கள்

கேள்வி: எங்கள் மாடித்தொட்டி 1,000 லிட்டர் பிடிக்கும். கீழே சம்ப், அங்கிருந்து மோட்டார் போட்டு ஏற்றுகிறோம். இரண்டு மாதமாக ராத்திரி தொட்டியை நிரப்பிவிட்டுப் படுத்தால் காலையில் கால்வாசித் தண்ணீர் குறைந்திருக்கிறது. குளியலறைகள் இரண்டும் மாடியில்தான். எந்தக் குழாயும் சொட்டவில்லை. சுவரிலோ கீழ்த்தளத்து சீலிங்கிலோ ஈரம் இல்லை. பிளம்பர் வந்து பார்த்துவிட்டு, குளியலறைத் தரையை உடைத்து பைப் லைன் முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். முன்பணமும் கேட்கிறார். உடைக்கச் சொல்லலாமா? தண்ணீரை மிச்சப்படுத்தவும் வழி சொல்லுங்கள்.

பதில்: வேண்டாம். முன்பணமும் கொடுக்காதீர்கள். பதிலுக்கு வேண்டிய பாதியை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்.

1,000 லிட்டரில் கால்வாசி என்றால் 250 லிட்டர். இருபது லிட்டர் பக்கெட்டில் பன்னிரண்டரை பக்கெட். அவ்வளவு தண்ணீர் தினமும் ராத்திரி மாடித் தரைக்குள் கசிந்தால், இரண்டு மாதத்தில் கீழ்த்தளத்து சீலிங் ஊறி, பெயிண்ட் உப்பி உதிர்ந்திருக்கும். உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. ஆக, தண்ணீர் ஏற்கெனவே இருக்கிற ஏதோ ஒரு வழியாகத்தான் வெளியேறுகிறது. அந்த வழி பெரும்பாலும் இரண்டுதான்: ஒன்று கழிப்பறையின் ஃப்ளஷ் டேங்க், இன்னொன்று மோட்டார் பைப். இரண்டுக்கும் உளி தேவையில்லை.

முதலில் ஃப்ளஷ் டேங்கைப் பாருங்கள். மூடியைத் திறந்தால் நடுவில் நிமிர்ந்து நிற்கும் ஓவர்ஃப்ளோ குழாய் தெரியும். தண்ணீர் அதன் வாய்க்கு ஒரு விரலளவு கீழே நிற்க வேண்டும். வாயைத் தொட்டு உள்ளே வழிந்துகொண்டிருந்தால் மிதவை சரியாக மூடவில்லை என்று அர்த்தம். மிதவையைக் கொஞ்சம் இறக்கி வைத்துப் பாருங்கள், பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். வழியவில்லை என்றால் டேங்க் தண்ணீரில் சொட்டு நீலம் நாலைந்து துளி விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃப்ளஷ் பண்ணாமல் விட்டுவிடுங்கள். கீழே கோப்பையில் நீலம் தெரிந்தால் டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி கசிகிறது. அதைத் தூக்கி அது உட்காரும் விளிம்பை விரலால் தடவினால் உப்புப் படிந்து சொரசொரப்பாக இருக்கும். ரப்பரைத் தொட்டால் விரல் கருப்பாகும். ரப்பர் அவ்வளவு நைந்திருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். இரண்டு குளியலறையிலும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கசிவு காதிலும் விழாது, கண்ணிலும் படாது. எட்டு மணி நேரத்தில் 250 லிட்டர் என்றால் நிமிடத்துக்கு அரை லிட்டர்தான். கோப்பையின் பின்சுவரில் கண்ணாடித் தகடு மாதிரி வழவழவென்று இறங்கிக்கொண்டிருக்கும். சந்தேகம் இருந்தால் அந்த இடத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு காகிதத்தை ஒட்டி வைத்துப் பாருங்கள், உடனே நனைந்துவிடும்.

ஃப்ளஷ் டேங்க் நன்றாக இருந்தால் அடுத்து ராத்திரிப் பரிசோதனை. தொட்டியின் அடியிலிருந்து வீட்டுக்குள் இறங்கும் பைப்புகளில் கேட் வால்வுகள் இருக்கும். எல்லாவற்றையும் மூடுங்கள். வருடக்கணக்கில் திருப்பாத கேட் வால்வு முழுதாக மூடாது. அதனால் மூடிய பிறகு குளியலறைக் குழாயைத் திறந்து, நூல் மாதிரி வருவதும் நின்றுவிட்டதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குச்சியைத் தொட்டிக்குள் செங்குத்தாக விட்டு, நனைந்த இடத்தில் கோடு போடுங்கள். காலையில் குழாயைத் திறப்பதற்கு முன் மறுபடி அளந்து பாருங்கள். ஒரு மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 8 லிட்டர் போயிருக்கிறது. கோடு அப்படியே இருந்தால் கசிவு வீட்டு லைனில்தான். அடுத்தடுத்த ராத்திரிகளில் ஒரே ஒரு வால்வை மட்டும் திறந்து வைத்து அளந்தால் எந்த லைன் என்பதும் தெரிந்துவிடும். எல்லா வால்வும் மூடியிருந்தும் தண்ணீர் இறங்கியிருந்தால், அது வீட்டுக்குள் போகவே இல்லை.

அப்போது சந்தேகம் மோட்டார் பைப் மேல்தான், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பத்துப் பேரில் எட்டுப் பேர் இதை நினைத்தே பார்ப்பதில்லை, பிளம்பர்களும்தான். சம்ப்பிலிருந்து தண்ணீர் ஏற்றும் பைப் தொட்டியின் மேல்பக்கம் நுழைந்து, அதன் வாய் தண்ணீர் மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அப்படி வைத்தால் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். சத்தம் வேண்டாம் என்று பைப்பை நீட்டித் தண்ணீருக்குள் மூழ்க விட்டுவிடுகிறார்கள். மோட்டாரை நிறுத்தியதும் பைப்பில் நிற்கும் தண்ணீர் கீழே இறங்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் நான்-ரிட்டர்ன் வால்வு, அதாவது தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் வால்வு. அதன் நாக்கில் ஒரு மணல் துகள் சிக்கினால் போதும், வால்வு முழுதாக மூடாது. தண்ணீர் மெல்ல மெல்ல, எந்தச் சத்தமும் இல்லாமல், வந்த வழியே சம்ப்புக்குத் திரும்பிவிடும். பெட்ரோல் டேங்கில் டியூபை விட்டு உறிஞ்சிவிட்டால் தானே வழிவது போலத்தான். இதற்கு இரண்டு அடையாளம் உண்டு. காலையில் சம்ப் மட்டம் உயர்ந்திருக்கும். மாடித்தொட்டியில் தண்ணீர், மூழ்கியிருக்கும் பைப்பின் வாய் வரைக்கும் இறங்கி அங்கேயே நின்றுவிடும். தினமும் சரியாக ஒரே மட்டத்துக்கு இறங்குகிறதா என்று கவனியுங்கள். “கால்வாசி” என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். சில வீடுகளில் பைப் தொட்டியின் அடிப்பக்கமாக நுழையும். அங்கே தண்ணீர் பாதியில் நிற்காது, விட்டால் தொட்டி முழுவதும் காலியாகும்.

இதைச் சரி செய்யப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. நான்-ரிட்டர்ன் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம், தேய்ந்திருந்தால் மாற்றலாம். கூடவே, தொட்டிக்குள் இருக்கும் பைப்பில், தண்ணீர் நிரம்பி நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன ஓட்டை போட்டுவிடச் சொல்லுங்கள். மோட்டார் நின்றதும் அதன் வழியே காற்று புகுந்துவிடும், உறிஞ்சல் அறுந்துவிடும். அப்புறம் வால்வு பழுதானாலும் பைப்பில் இருக்கும் தண்ணீர் மட்டும்தான் இறங்கும், தொட்டி இறங்காது.

இனி அந்தப் பிளம்பர் விஷயம். வால்வை மூடிப் பார்க்காமல், ஃப்ளஷ் டேங்க் மூடியைத் தூக்காமல், நேராகத் தரையைக் காட்டி “லைன் போச்சு” என்று சொல்பவரை நம்பாதீர்கள். ஒரு வீட்டில் இப்படி உடைத்து, புது லைன் போட்டு, டைல்ஸும் மாற்றினார்கள். மூன்றாம் நாள் தொட்டி மறுபடி இறங்கியது. என்னைக் கூப்பிட்டார்கள். ஃப்ளஷ் டேங்க் ரப்பரை மாற்றப் பத்து நிமிடம் ஆனது. அந்த அம்மா உடைந்த டைல்ஸ் குவியலைப் பார்த்துக்கொண்டே நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

மெஷினோடு வருகிறவர்களிடமும் கவனமாக இருங்கள். ஈரம் காட்டும் மீட்டரைக் குளியலறைச் சுவரில் வைத்து, “கேட்டீர்களா, பீப் சத்தம்” என்பார்கள். தினமும் நாலு பேர் குளிக்கும் அறையின் சுவரில் ஈரம் இல்லாமல் வேறு என்ன இருக்கும்? அது கசிவுக்குச் சாட்சி இல்லை. லைனில் கசிவு இருக்கிறதா என்று உறுதியாகத் தெரிய வேண்டுமானால் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். லைனின் எல்லா வாயையும் அடைத்து, பம்பால் தண்ணீர் ஏற்றி, கேஜ் ஊசி நிற்கிறதா இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். “அதெல்லாம் தேவையில்லை, எனக்கு அனுபவம் இருக்கிறது” என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். சாமான் பட்டியலை எழுதி வாங்கி நீங்களே வாங்குங்கள். பிளம்பர் வாங்கி வந்தால் கடைக்காரர் அவருக்குக் கொடுக்கும் கமிஷனும் உங்கள் பில்லில்தான் ஏறும். கழற்றிய பழைய பாகத்தை உங்கள் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்மையாக வேலை செய்பவர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

உண்மையில் என் கோபம் வீடு கட்டுகிற முறை மேல்தான். ஒரு வீட்டுக்கு எத்தனையோ வரைபடம் போடுகிறார்கள். எந்தச் சுவருக்குள் எந்த பைப் போகிறது என்று காட்ட மட்டும் பெரும்பாலான வீடுகளில் ஒரு தாள் கிடையாது. டைல்ஸ் ஒட்டும் முன் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும் என்று எல்லா ஒப்பந்தக்காரருக்கும் தெரியும், அவசரத்தில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். குளியலறைக்குத் தனி வால்வு வைத்தால் செலவு என்று அதையும் விடுகிறார்கள். பிறகு ஒரு வாஷர் மாற்ற வீடு முழுவதும் தண்ணீரை நிறுத்த வேண்டியிருக்கிறது. யாராவது இப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தால், சுவரை மூடும் முன் பைப் மேல் அளவு டேப்பை வைத்து ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

தண்ணீரை மிச்சப்படுத்தவும் வழி கேட்டு ஒரு வரி எழுதியிருந்தீர்கள். ஃப்ளஷ் டேங்குக்குள் செங்கல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அது கரைந்து, அந்தத் தூள் ரப்பரில் சிக்கி, இன்று நீங்கள் தேடும் அதே கசிவைக் கொண்டுவரும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலை, மிதவையில் இடிக்காத ஓரமாக நிறுத்துங்கள். டேங்க் ரொம்பப் பழையது என்றால், இரண்டு பட்டன் வைத்து 3 லிட்டர், 6 லிட்டர் என்று விடும் மாடலுக்கு மாறுவதுதான் நல்லது. மற்றபடி சொட்டும் குழாயை அலட்சியமாக விடாதீர்கள். 200 மில்லி டம்ளர் கால் மணி நேரத்தில் நிரம்பினால் நாளுக்கு 19 லிட்டர்.

சரி, இன்று ராத்திரியே குச்சியில் கோடு போடுங்கள். சம்ப்பிலும் ஒரு கோடு போட மறக்காதீர்கள். எந்த வால்வு மூடியிருந்தது, மட்டம் எவ்வளவு இறங்கியது என்று மூன்று ராத்திரிக்கு ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிளம்பர் மறுபடி வரும்போது அந்தத் தாளை அவரிடம் கொடுத்து, எந்த லைன் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள்.