கடைசி நிரை நிரம்பிவிட்டால்?

கேள்வி: கம்பியில் வெப்பம் பரவும் கணக்கொன்றில், வலது முனையின் வெப்பநிலைக்குப் பதிலாகக் கம்பி முழுவதிலும் உள்ள வெப்பத்தின் தொகை தரப்பட்டுள்ளது. வகைக்கெழுக்களுக்குப் பதிலாக அடுத்தடுத்த புள்ளிகளின் மதிப்பு வேறுபாடுகளை வைக்கும் வேறுபாட்டு முறையில் எழுதும்போது அணியின் கடைசி நிரை முழுவதும் சுழியல்லாத எண்களால் நிரம்பிவிடுகிறது. மும்மூலைவிட்ட அணிகளை (முதன்மை மூலைவிட்டத்திலும் அதை ஒட்டிய இரண்டிலும் மட்டுமே சுழியல்லாத எண்கள் உள்ளவை) விரைவாகத் தீர்க்கும் தாமஸ் வழிமுறையைக் கைவிட வேண்டியதுதானா? (முதுகலைக் கணித மாணவி)

பதில்: வேண்டியதில்லை. ஓரிடத்து மதிப்பைச் சொல்லாமல் பல இடங்களின் மதிப்புகளைப் பிணைக்கும் இத்தகைய நிபந்தனையை இடஞ்சாரா நிபந்தனை என்பர். நீங்கள் குறிப்பிடும் வகையை வெப்பச் சமன்பாட்டுக்குக் கணிதவியலாளர் கேனன் 1963-இல் ஆராய்ந்தார். கடைசி நிரையை நீக்கிவிட்டு, எஞ்சிய மும்மூலைவிட்ட அமைப்பை இரு முறை தீருங்கள்: முதலில் வலப்பக்கத்தை அப்படியே வைத்து வலது முனையில் 0 எனவும், பிறகு வலப்பக்கத்தையும் இடது முனையையும் சுழியாக்கி வலது முனையில் 1 எனவும் கொள்ளுங்கள். இரண்டாம் விடையை எந்த எண்ணால் பெருக்கி முதல் விடையோடு கூட்ட வேண்டும் என்பதைத் தொகை நிபந்தனையே சொல்லிவிடும். அந்த எண்ணே வலது முனையின் மதிப்பு.

காலத்தை ஒதுக்கிவைத்து ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். கம்பியின் நீளம் 1, இரண்டாம் வகைக்கெழு எங்கும் −2, இடது முனையில் 0, மொத்தத் தொகை 1 என்க. நான்கு சம கூறுகளாகப் பிரித்தால் முதல் விடை 0, 3/16, 4/16, 3/16, 0. அடுத்தடுத்த புள்ளிகளை நேர்கோடுகளால் இணைத்துப் பரப்பைக் கூட்டும் சரிவக விதிப்படி அதன் தொகை 5/32. இரண்டாம் விடை ஒரு நேர்கோடு, தொகை 1/2. குறையும் 27/32-ஐ 1/2-ஆல் வகுத்தால் 27/16, அதாவது 1.6875 கிடைக்கிறது. சரியான மதிப்போ 5/3. எட்டுக் கூறுகளாக்கினால் 107/64 வரும். பிழை நான்கில் ஒரு பங்காகக் குறையும். இருபடிக் கோவைக்கு வேறுபாட்டு வாய்பாடு பிழையே செய்யாது என்பதால், இங்குள்ள பிழை முழுவதும் சரிவக விதியினுடையது. நேர்கோடுகளுக்குப் பதிலாக இருபடி வளைவுகளால் இணைக்கும் சிம்ப்சன் விதியைப் பயன்படுத்தினால் நான்கு கூறுகளிலேயே 5/3 வந்துவிடும். வகைக்கெழுவுக்கு உயர்வரிசை வாய்பாடு தேடி அலைபவர்கள் தொகையைக் கணக்கிடும் விதியை ஏனோ கவனிப்பதே இல்லை.

காலத்தைச் சேர்த்தாலும் வழி இதுவே. ஒவ்வொரு கால அடியிலும் பழைய, புதிய நேரங்களின் சராசரியை எடுக்கும் கிராங்க்–நிக்கல்சன் முறையில் கால இடைவெளி மாறாதிருந்தால் இரண்டாம் விடையை ஒருமுறை கண்டுவைத்தால் போதும். அதன் உள்மதிப்புகள் யாவும் மிகை எண்கள் என்பதால், வகுக்கும் எண் சுழியாகிவிடுமோ என்ற கவலையும் இல்லை.

கேள்வி: வலது முனை மதிப்பு, நடுப்புள்ளி மதிப்பின் குறிப்பிட்ட மடங்கு என்று மட்டும் தரப்பட்டால்? (கல்லூரி ஆசிரியர்)

பதில்: கணிதவியலாளர்கள் பிட்சாட்சேயும் சமார்ஸ்கியும் 1969-இல் எடுத்துக்கொண்ட கணக்கின் ஒருபரிமாண வடிவம் இது. முறை அதேதான், ஆனால் இங்கே கவலைப்பட இடமுண்டு. மேற்கண்ட கம்பிக் கணக்கில் மடங்கு 2 ஆனால், இடது முனையில் சுழியிலிருந்து புறப்படும் எல்லா நேர்கோடுகளும் நிபந்தனைக்கு உட்பட்டுவிடும். ஒரே விடை என்பது இராது. மடங்கு 1.99 என்றால் விடை உண்டு. ஆயினும் முதல் விடையின் நடுப்புள்ளியில் நேரும் சிறு பிழை முனை மதிப்பில் ஏறக்குறைய 400 மடங்காகப் பெருகும்.