உதைக்கும்போது ஏன் தடுமாறுகிறேன்?

கேள்வி: கராத்தே பயிற்சியைத் தொடங்கி இரண்டு மாதங்கள் ஆகின்றன. குத்தும்போது மணிக்கட்டு வலிக்கிறது. முன்உதையில் நிலை தடுமாறுகிறேன். எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?

பதில்: மணிக்கட்டு வலிக்குப் பெரும்பாலும் முஷ்டி சரியாக அமையாததே காரணம். கட்டைவிரலை உள்ளே மடக்காமல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் மேல் குறுக்காக அழுத்தி வையுங்கள். புறங்கையும் முன்கையும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க, அவ்விரு விரல்களின் முட்டிகளே இலக்கைத் தொட வேண்டும். வலி நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

தடுமாற்றத்திற்குக் காரணம், அநேகமாக, உதைக்கும் கால் அன்று, ஊன்றி நிற்கும் கால்தான். ‘ஸென்குட்சு தாச்சி’ எனும் முன்நிலையில் புதியவர்கள் பலரும் இரு பாதங்களையும் கயிற்றின்மேல் நடப்பவரைப் போல ஒரே கோட்டில் வைத்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் இடுப்பளவு இடைவெளி இல்லாவிட்டால் எவருக்கும் உடல் ஆடத்தான் செய்யும். முன்உதையில் முதலில் முழங்காலை உயர்த்தி, கால்விரல்களை மேல்நோக்கி மடக்கி, விரல்களின் அடியிலுள்ள மேட்டுப்பகுதியால் உதைத்து, காலை உடனே மடக்கி இழுத்த பிறகே தரையில் வையுங்கள். அதுவரை ஊன்றிய காலின் முழங்கால் சற்று மடிந்தும், குதிகால் தரையில் பதிந்தும் இருக்கட்டும். இதை மெதுவாக, சுவரை ஒரு கையால் தொட்டபடி, நாள்தோறும் ஒவ்வொரு காலுக்கும் 10 முறை செய்யுங்கள். வேகத்தைப் பற்றி இப்போது எண்ணவே வேண்டாம்.