புரட்சி வராத நாடுகள்

அன்புள்ள ஐயா,

அரசியல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மக்கள் புரட்சி நடந்த மூன்று நாடுகளை எடுத்து ஒப்பிடுகிறேன். மூன்றிலும் அதற்கு முன் விலைவாசி கடுமையாக ஏறியிருக்கிறது. அதையே முக்கியக் காரணமாக எழுத நினைக்கிறேன். மூன்றே நாடுகளை வைத்து எதையும் நிறுவ முடியாது என்கிறார்கள் உடன் படிப்பவர்கள். எண்ணிக்கையைக் கூட்ட வேண்டுமா?

ஓர் ஆய்வு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

மூன்று என்ற எண்ணிக்கை எனக்கு உறுத்தவில்லை. மூன்றுமே புரட்சி நடந்த நாடுகளாக இருப்பதுதான் உறுத்துகிறது. விலைவாசி எகிறியும் புரட்சி வராத நாடுகள் எத்தனையோ இருக்கும். அவற்றைப் பார்க்காமல் விலைவாசியைக் காரணம் என்று எப்படிச் சொல்வது?

அமெரிக்க சமூகவியலாளர் தீடா ஸ்காச்போல் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் பிரான்ஸ், ரஷ்யா, சீனா ஆகிய மூன்று புரட்சிகளையும் விரிவாக எடுத்துக்கொண்டார். கூடவே இங்கிலாந்து, பிரஷ்யா, ஜப்பான் ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அங்கும் பெரிய நெருக்கடிகள் வந்தன, ஆனால் அதே வகையான சமூகப் புரட்சி வரவில்லை. அந்த ஒப்பீடு இருப்பதால்தான் அவர் வாதத்தோடு மோதிப் பார்க்கவாவது முடிகிறது.

எண்ணிக்கைக்கு வருவோம். சரியாகத் தேர்ந்தெடுத்தால் இரண்டு நாடுகளே போதும். அரசியல் அறிவியலாளர் டேனியல் போஸ்னர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஆப்பிரிக்க நாடுகளான மலாவிக்கும் சாம்பியாவுக்கும் நடுவிலுள்ள எல்லை காலனி ஆட்சிக் காலத்தில் போடப்பட்டது. செவா, டும்புகா என்ற இரண்டு இனத்தவரும் அந்தக் கோட்டின் இரு பக்கமும் வாழ்கிறார்கள். மொழியும் வழக்கங்களும் இரு பக்கமும் ஒன்றுதான். எல்லையை ஒட்டிய கிராமங்களில் போய், அடுத்த இனத்தில் திருமணம் செய்வீர்களா, அந்த இனத்து வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீர்களா என்று கேட்டார்கள். மலாவிப் பக்கம் விலகல் அதிகம், சாம்பியாப் பக்கம் இணக்கம் அதிகம். பண்பாடு ஒன்றாக இருக்கும்போது வித்தியாசத்துக்குப் பண்பாட்டைக் காரணம் காட்ட முடியாது. போஸ்னர் மக்கள்தொகை அளவைக் காட்டினார். மலாவியில் இரண்டுமே அரசியலில் தனித்தனி அணியாக நிற்கும் அளவுக்குப் பெரியவை. சாம்பியாவிலோ இரண்டும் சிறியவை, அதனால் நாட்டின் கிழக்குப் பகுதிக்காரர்கள் என்ற பொருளில் 'கிழக்கத்தியர்' என்று ஒன்றாக நிற்பதில்தான் லாபம்.

சமூக விஷயங்கள் எல்லாம் இவ்வளவு சுத்தமாகப் பிரிந்து வராதுதான். ஒப்பீட்டுத் தர்க்கத்தை 1843-இல் ஒழுங்குபடுத்தி எழுதிய ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில் கூட, பல காரணங்கள் பின்னிக் கிடக்கும் சமூகத்தில் அதை அப்படியே பொருத்த முடியாது என்றார். ஆகவே ஒப்பீட்டோடு நிறுத்திவிடாமல், ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் எது எதைத் தொடர்ந்து வந்தது என்பதையும் பின்தொடர வேண்டும்.

உங்கள் மூன்றில் ஒன்றை விட்டுவிடுங்கள். அதே காலத்தில் அதே அளவுக்கு விலை ஏறியும் புரட்சி வராத ஒரு நாட்டை அந்த இடத்தில் சேருங்கள். அப்புறம் மாதவாரி விலை விவரங்களையும் போராட்டங்களின் தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கலவரத்தால் வரத்து நின்று, அதன் பிறகே விலை ஏறிய நாடு ஒன்று உங்கள் பட்டியலில் இருக்கலாம். அதை முதலில் பாருங்கள்.