நேபாளக் கிராமத்துச் சிறுவர் இல்லத்தில் தன்னார்வ ஆசிரியராகப் போகலாமா?

ஒரு மாதம் போய் ஆங்கிலம் சொல்லித்தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் இல்லத்தைப் பற்றி விசாரியுங்கள். நேபாள இல்லங்களில் உள்ள குழந்தைகளில் சுமார் 85 சதவீதத்தினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருப்பதாக யுனிசெஃப் கூறியிருக்கிறது. நல்ல படிப்பு கிடைக்கும் என்று பெற்றோரை நம்பவைத்து, வெளிநாட்டார் நன்கொடைக்காகக் குழந்தைகளைச் சேர்க்கும் தரகர்கள் அங்கே உண்டு. தன்னார்வலராகச் சேர நீங்கள் கட்டும் பணமே அந்த வியாபாரத்தை வளர்க்கக்கூடும்.

மூன்று கேள்விகள் கேளுங்கள்: அரசுப் பதிவு இருக்கிறதா? குழந்தைகள் வீட்டாரைச் சந்திக்கிறார்களா? என்னிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றிதழ் கேட்பீர்களா? கடைசிக் கேள்விக்கு "வேண்டாம், பணம் கட்டினால் போதும்" என்று பதில் வந்தால் அங்கே போகவே போகாதீர்கள். சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத வேலையும் சட்டவிரோதம். இந்தியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் மற்ற விசாரணைகள் எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

ஒரு மாதம் போதாது. குழந்தை ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அடுத்தவர் வந்து மறுபடி 'ஏ, பி, சி' தொடங்குவார். அதைவிட, உள்ளூர்ப் பள்ளி ஆசிரியருக்கு உதவியாக மூன்று மாதமாவது இருங்கள். பள்ளி ஆண்டு ஏப்ரல் நடுவில், வைசாக மாதத்தில் தொடங்கும்; தசைன் (நேபாளத் தசரா) விடுமுறையில் போய் இறங்காதீர்கள். முதல் வாரம் பாடம் நடத்தாமல், யார் எதுவரை வாசிக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக் கூட்டுபவரும் சரளமாக வாசிப்பவரும் சேர்ந்தே இருப்பார்கள். வகுப்பை வைத்துப் பிரிக்காமல் வாசிப்புத் திறனை வைத்து ஆறேழு பேராகப் பிரியுங்கள். எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்காதீர்கள், படம் எடுத்துப் பகிராதீர்கள். கிளம்பும் தேதியை முதல் நாளே குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்.