கவர்னர் சீலில் கை வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

கே: லொறியின் வேகத்தை 70இல் பூட்டியிருக்கிறோம். இறக்கத்தில் 80 காட்டுகிறது. கருவி பழுதா? (கந்தளாய்)

பழுதில்லை. கவர்னர் என்ற அந்த வேகப் பூட்டுக் கருவி டீசலைத்தான் குறைக்கும், பிரேக் பிடிக்காது. பாரம் தள்ளினால் வண்டி ஓடத்தான் செய்யும். கியரைக் குறைத்து இறங்குங்கள். நியூட்ரலில் விடவே வேண்டாம். இதை எத்தனை தரம் எழுதிவிட்டேன்!

கே: பெரிய டயர் போட்டேன். மீட்டர் சரியாகக் காட்டுமா? (தம்பலகாமம்)

என்ன வாகனம், பழைய டயர் என்ன அளவு, புதியது என்ன அளவு? ஒன்றும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? விட்டம் 10 சதவீதம் கூடினால், மீட்டர் 70 காட்டும்போது வண்டி 77இல் ஓடும். வேகத்தைப் பூட்டும் கருவியும் அதே கணக்கில் ஏமாறும்.

கே: பஸ் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. கவர்னர் சீலை வெட்டிக் கொஞ்சம் கூட்டலாமா? (மூதூர்)

கூடாது. பூட்டிய வேகத்தை யாரும் மாற்றாமலிருக்கப் போட்டதுதான் அந்த சீல். திருகோணமலையிலிருந்து கந்தளாய் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். நிற்காமல் 70இல் போனால் 34 நிமிடம், 80இல் 30. அந்த நாலு நிமிடம் ஒரு தரிப்பிடத்தில் ஆள் கூப்பிட்டு நிற்கவே போய்விடும். மோதினால் விழும் அடியோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும்.

போன மாரியில் ஒரு பஸ்ஸின் டீசல் பம்பைப் பார்த்தேன். சீல் கம்பி அறுந்து தொங்கியது. வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்குரூவின் தலையில் புதிதாகச் சுரண்டிய பளபளப்பு. சாரதிக்கே விஷயம் தெரியாது, முதலாளி கராஜில் சொல்லிச் செய்வித்த வேலை. அவர் அந்த பஸ்ஸில் ஏறுவதில்லை. ஏறுவது பள்ளிக்கூடப் பிள்ளைகளும் ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவிகளும். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. திருகோணமலை நகருக்குள்ளேயே மான்கள் வீதியில் இறங்கும். 50இல் வந்தாலே, பிரேக்கில் கால் வைக்குமுன் ஒரு செக்கனில் 14 மீட்டர் ஓடிவிடும். 80இல் 22. நேரம் போதாவிட்டால் நேர அட்டவணையை மாற்றக் கேளுங்கள், சீலைத் தொடாதீர்கள்.

கே: குரூஸ் கொன்ட்ரோலும் லிமிட்டரும் ஒன்றா? (உப்புவெளி)

இல்லை. குரூஸ் வைத்த வேகத்திலேயே வண்டியை ஓட்டும். லிமிட்டர், அதாவது வேகப் பூட்டு, அதைத் தாண்ட விடாது, அவ்வளவுதான். மழையில் குரூஸ் வேண்டாம்.

கே: ஓட்டோவுக்கும் இந்தக் கருவி போடலாமா? (கிண்ணியா)

சட்டப்படி உங்களுக்கு 40தான். முதலில் அதில் ஓடிப் பழகுங்கள்.

கே: வீதியோர வேகப் பலகையைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் கார் உண்டாமே? (நிலாவெளி)

உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலையிலிருந்து புதுக் கார் எல்லாவற்றுக்கும் வேக உதவிக் கருவி கட்டாயம். கமெராவாலும் வரைபடத்தாலும் வேக எல்லையை அறியும். சில கார்கள் எச்சரிக்க மட்டும் செய்யும், சில வேகத்தையும் குறைக்கும். சாரதி அழுத்தி மிதித்தால் விட்டுவிடும். பலகையை மரக்கிளை மறைத்தால் கமெராவுக்கும் தெரியாது.